கரையில் ஓர் இரவு: கேம்பர்வேன் குடும்பமும் கடலோர உரிமையும்

பகலில் கடற்கரைக்கு வரும் குடும்பத்தை யாரும் எதுவும் கேட்பதில்லை. வண்டியை நிறுத்தலாம், குளிக்கலாம், பிள்ளைகள் மணலில் புரளலாம், கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பிரித்துச் சாப்பிடலாம். பொழுது சாய்ந்த பிறகு அதே குடும்பம் அதே இடத்தில், அதே வண்டிக்குள் படுத்து விடியும்வரை தூங்கினால் மட்டும் சட்டம் அதை வேறு கண்ணால் பார்க்கிறது. இருட்டியதும் அங்கே அப்படி என்ன மாறிவிடுகிறது?

நியூசிலாந்தின் தென் தீவிலோ ஸ்காட்லாந்தின் வடகோடியிலோ கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பும் எந்தக் குடும்பமும் முதல் நாள் மாலையிலேயே இதில் முட்டிக்கொள்கிறது. பயணக் கையேடுகள் இதை வசதி பற்றிய விஷயமாகவே எழுதிக் கடந்துவிடுகின்றன. அடியில் இருப்பது நிலம் பற்றிய வழக்கு. கரை யாருடையது, அதில் எதுவரை உரிமை, அந்த உரிமைக்கான செலவை யார் ஏற்பது என்பதெல்லாம் அதில் அடக்கம். கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளில் இதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான விடைகளை இங்கே பார்க்கலாம். நியூசிலாந்தே மையம். நாடாளுமன்றம், நீதிமன்றம், உள்ளாட்சி, தொல்குடி மக்கள் என்று எல்லாத் தரப்பும் இந்த விவாதத்தை வெளிப்படையாக நடத்தியிருப்பது அங்கேதான்.

வண்டி வீட்டின் இரண்டு வரலாறுகள்

பொழுதுபோக்குக் கேரவனின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1885. பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவரும் சிறுவர் கதை எழுத்தாளருமான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டல் நகரில் 'வாண்டரர்' என்ற வண்டியைத் தமக்கெனச் செய்வித்தார். இரண்டு குதிரைகள் பூட்டி இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை அதில் போனார். பணியாள் ஒருவர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே சென்று சாலையின் நிலையைப் பார்த்துச் சொல்வார். மறு ஆண்டே பயணம் நூலாக வந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தவாதி வேறொரு வேலையில் இறங்கியிருந்தார். ஜிப்சிகளும் நாடோடி வியாபாரிகளும் குடியிருந்த வண்டிகளைப் பதிவு செய்ய வேண்டும், அதிகாரிகள் உள்ளே புகுந்து சோதிக்க வேண்டும் என்று கோரும் மசோதாக்கள் அவரது முயற்சியால் நாடாளுமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தன. எதுவும் நிறைவேறவில்லை. ஆனாலும் அந்த நோக்கு மறையவில்லை. பிரிட்டனின் 1960ஆம் ஆண்டுக் கேரவன் தளச் சட்டம் தளங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கி, ஊர்ப் பொதுநிலங்களில் கேரவன்களைத் தடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. 1968இல் நாடோடிச் சமூகங்களுக்கு இடம் ஒதுக்கும் கடமை உள்ளாட்சிகள்மேல் வந்தது. 1994இல் அது நீக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறர் நிலத்தில் அனுமதியின்றி வண்டியோடு குடியிருப்பது 2022 முதல் சில சூழல்களில் குற்றவியல் குற்றமே ஆகிவிட்டது.

கனவானின் வண்டிக்கும் நாடோடியின் வண்டிக்கும் இருந்த இந்த இரட்டை அளவுகோல்தான் இன்றைய கடலோர விதிகளைப் பிறப்பித்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்கள் பிரிட்டனின் கதையை உலகத்துக்கே விரித்துவிடுகிறார்கள். ஆனால் ஒன்றை மறுப்பது கடினம். வண்டியில் உறங்குவது பற்றிய சட்டங்கள் எங்கும் உறங்குபவர் யார் என்பதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே எழுதப்பட்டிருக்கின்றன.

நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு வண்டி வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1950இல் வோக்ஸ்வாகனின் டைப் 2 வேன் உற்பத்தி தொடங்கியது. அதற்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்தும் வெஸ்ட்ஃபாலியா ஏற்பாடு அடுத்த ஆண்டே வந்தது. நியூசிலாந்து மோட்டார் கேரவன் சங்கம் 1956இல் தோன்றியது. இன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட இந்தச் சங்கம் பின்னால் வரும் வழக்குகளில் முக்கியக் கட்சிக்காரர்.

முதல் விடை: கரை எல்லோருக்கும் உரியது

நியூசிலாந்தில் 'ராணியின் சங்கிலி' என்று ஒரு நம்பிக்கை உண்டு. கடலோரத்திலும் பெரிய ஆற்றங்கரைகளிலும் ஒரு நில அளவைச் சங்கிலி அகலத்துக்கு, அதாவது 66 அடி அல்லது சுமார் 20 மீட்டருக்கு, நிலம் தனியாருக்குப் போகாமல் பொதுவில் நிற்கிறது என்பது அது. 1840இல் விக்டோரியா ராணியின் அரசு ஆளுநர் ஹாப்ஸனுக்கு அனுப்பிய அறிவுறுத்தல்களோடு அதை இணைத்துப் பேசுவார்கள். கடற்கரையில் இரவு தங்குவது தங்கள் பிறப்புரிமை என்று அந்நாட்டுக் குடும்பங்கள் கருதுவதற்கு இது ஒரு வேர். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு கரையில் முகாமிடுவது அங்கே பல தலைமுறைப் பழக்கம்.

2011ஆம் ஆண்டின் 'ஃப்ரீடம் கேம்பிங்' (முகாம் தளத்துக்கு வெளியே இரவு தங்குதல்) சட்டம் இந்த உணர்வுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. அந்த ஆண்டு ரக்பி உலகக் கோப்பைக்கு வெளிநாட்டு ரசிகர்கள் வேன்களில் குவிவார்கள் என்ற பதற்றத்தில் அவசரமாகக் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. கட்டுப்படுத்தப் பிறந்த சட்டம்தான். ஆனால் அதன் அடிப்படை விதி உள்ளாட்சி நிலத்தில் தங்கலாம் என்பதே. தடுக்க விரும்பும் மாவட்ட மன்றம்தான் இடம் இடமாகக் காரணம் காட்ட வேண்டும். அந்த இடத்தைக் காப்பது, அங்கு வருவோரின் உடல்நலமும் பாதுகாப்பும், அந்த இடத்துக்கான பொது வழியைக் காப்பது ஆகியவற்றில் ஒன்றே காரணமாக இருக்கலாம். மன்றம் இயற்றும் துணைவிதி பிரச்சினையின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மாவட்டம் முழுவதையும் ஒரேயடியாக மூடிவிடவும் கூடாது.

இந்த ஏற்பாடு நீதிமன்றத்தில் பலமுறை உரசிப் பார்க்கப்பட்டிருக்கிறது. கோரமண்டல் தீபகற்பம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. (1820இல் அங்கு போன பிரிட்டிஷ் கப்பல் ஒன்றின் பெயர் அது, கப்பலுக்கு அந்தப் பெயர் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனது.) கோடையில் மக்கள்தொகை பலமடங்கு வீங்கும் அந்தப் பகுதியின் தேம்ஸ்–கோரமண்டல் மாவட்ட மன்றம் கடுமையான துணைவிதி இயற்றியபோது கேரவன் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2014 தீர்ப்பு பெரும்பாலும் மன்றத்தின் பக்கம் நின்றது. பத்து ஆண்டு கழித்துக் காற்று திரும்பியது. ஏரிகளும் மலைகளும் சூழ்ந்த குயின்ஸ்டவுன் மன்றம் 2021இல் இயற்றிய துணைவிதியை, அதே சங்கம் தொடுத்த வழக்கில், 2024இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்த விடையின் பலவீனங்கள் மூன்று. முதலாவது, 'சங்கிலி' அறுபடாத ஒன்றாக எப்போதுமே இருந்ததில்லை. பல இடங்களில் தனியார் நிலம் நீர் விளிம்புவரை போகிறது. இரண்டாவது, நடப்பவரின் உரிமை வண்டிக்கும் உண்டா என்பது. பொது அணுகல் உரிமையில் முன்னோடிகளான நாடுகளே இதில் கறாராக இருக்கின்றன. நார்வேயின் 1957 சட்டப்படி, குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி யாரும் கூடாரம் போடலாம். அந்த உரிமை மோட்டார் வண்டிக்கு நீளாது. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டமும் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் கூடாரக்காரருக்கும் தாராளமாகக் கதவைத் திறந்துவிட்டு, மோட்டார் வண்டியை வெளியே நிறுத்துகிறது. சாலையிலிருந்து 15 கஜத்துக்குள் வண்டியை நிறுத்தித் தூங்க உரிமை இருக்கிறது என்று ஸ்காட்லாந்து வேன்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். நிறுத்துவதற்காக அந்தத் தொலைவுக்குள் சாலையை விட்டு இறங்கினால் அது அந்தப் பிரிவின்கீழ்க் குற்றமாகாது, அவ்வளவுதான்; நில உரிமையாளர் போகச் சொன்னால் போக வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. பத்துக் குடும்பங்கள் அனுபவித்த பழக்கத்தை ஆயிரம் குடும்பங்கள் அனுபவிக்கும்போது அதைப் பழைய பெயரிலேயே அழைக்கலாமா என்ற கேள்விக்கு இந்தத் தரப்பு நேராக முகம் கொடுப்பதில்லை.

இரண்டாம் விடை: தளத்துக்குப் போய்த் தங்கு

ஐஸ்லாந்து 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் கதையை முடித்துவிட்டது. கேம்பர்வேனோ கூடாரம் பொருத்திய காரோ எதுவானாலும் முறையான முகாம் தளத்தில் தங்க வேண்டும், இல்லையேல் நில உரிமையாளரின் அனுமதி பெற வேண்டும். கிழிந்தால் ஆறப் பல ஆண்டுகள் எடுக்கும் பாசிப் படுகைகள் நிறைந்த நாட்டுக்கு இது பொருந்துகிறது என்றே சொல்லலாம்.

போர்ச்சுகலின் அனுபவம் வேறு. அலென்டெசோ கரையின் பாறை முனைகளில் வேன்கள் வரிசைகட்டி நின்றதைக் கண்டு எழுந்த எதிர்ப்பின் பின்னணியில், 2021 ஜனவரி முதல் அனுமதிக்கப்பட்ட இடங்கள் தவிர வேறெங்கும் வண்டியில் இரவு தங்கக்கூடாது என்று சட்டம் வந்தது. எட்டு மாதத்துக்குள் அது தளர்த்தப்பட்டது. காப்பகங்களுக்கும் கடலோரத் திட்டப் பகுதிகளுக்கும் வெளியே, ஒரு நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரம்வரை தங்கலாம் என்றானது. கரை மூடியே இருந்தது, உள்நாடு திறந்துகொண்டது. கோடையில் கரையோரத் தளங்களை நிரப்பும் கூட்டமும் குளிர்காலத்தில் வெறிச்சோடிய உள்நாட்டு ஊர்களுக்கு வரும் வயதான வேன்காரர்களும் ஒரே விதிக்குள் அடங்கமாட்டார்கள் என்பதை அந்தத் திருத்தம் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம்.

இந்தத் தரப்பின் வலுவான வாதம் நியாயம் பற்றியது. முகாம் தளம் நடத்துபவர் வரி கட்டுகிறார், கழிவறை கட்டிப் பராமரிக்கிறார். பக்கத்து வாகன நிறுத்தத்தில் இலவசமாகத் தங்குபவர் அவரது பிழைப்பில் கைவைக்கிறார். இதில் உண்மை உண்டு. ஆனால் தளம் இருந்தால்தானே அங்கே போவதற்கு? நியூசிலாந்தில் 2000களில் கடலோர மனை விலை ஏறியபோது, குடும்பங்கள் ஆண்டுதோறும் போய்வந்த கரையோர முகாம் தளங்கள் சில விற்கப்பட்டு வீட்டுமனைகளாயின. நிலைமையை ஆராய அரசே ஒரு மறுஆய்வு நடத்தி 2006இல் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அங்கே தளத்துக்குப் போ என்பது சில கரைகளில் கரைக்கு வராதே என்பதாகவே முடிந்தது.

மூன்றாம் விடை: சக்கரம் மட்டும் தரையில் பட்டால்

ஸ்பெயினின் போக்குவரத்துத் தலைமையகம் 2008இல் வெளியிட்ட அறிவுறுத்தல் ஒன்று சொன்னது இது: வண்டி முறையாக நிறுத்தப்பட்டிருந்தால், உள்ளே இருப்பவர் தூங்குகிறாரா படிக்கிறாரா என்பது போக்குவரத்து விதிக்குத் தேவையில்லாத விஷயம். வெளியே நாற்காலி போட்டு, பந்தலை விரித்து, தாங்கு கால்களை இறக்கினால் மட்டுமே அது முகாம். கேட்க நேர்த்தியாக இருக்கிறது. அதே நாட்டின் 1988 கடற்கரைச் சட்டம் கடலோரப் பொது நிலத்தில் முகாமையும் அனுமதியற்ற வாகன நிறுத்தத்தையும் சேர்த்தே தடுத்துவிடுவதால், இந்த நேர்த்தி கரைக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுகிறது. தவிர, பிள்ளைகளோடு வரும் குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே மூன்று வேளையும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமல்ல.

நான்காம் விடை: கழிவறை

நியூசிலாந்து கடைசியில் போய் நின்ற இடம் இதுதான். இதன் தர்க்கம் எளிமையானது. மக்கள் கோபப்படுவது கரைப் புதரில் கிடக்கும் மலத்தையும் காகிதத்தையும் பார்த்து. வண்டிக்குள் கழிவறை இருந்துவிட்டால் கோபத்துக்கு வேலையில்லை. எனவே இடத்தைச் சோதிப்பதைவிட வண்டியைச் சோதிப்போம்.

2001இல் வெளியான நியூசிலாந்து தர நிர்ணயம் இதற்கான அளவுகளை வகுத்தது. வெளியிலிருந்து எதுவும் பெறாமலும் வெளியே எதையும் கொட்டாமலும் மூன்று நாள் ஓட்டக்கூடிய வண்டியே 'தற்சார்பு' வண்டி. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் நன்னீர், அதே அளவுக்குக் கழிவுநீர்த் தொட்டி, தொட்டியோடு இணைந்த கழுவுதொட்டி, மூடியுள்ள குப்பைக்கூடை, கழிவறை. நான்கு பேர் குடும்பத்துக்கு நன்னீர் மட்டும் 48 லிட்டர். சான்றிதழில் எத்தனை பேருக்கு என்றும் எழுதியிருக்கும். இருவருக்குச் சான்று பெற்ற வேனில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் படுத்தால் அது அன்றிரவு தற்சார்பு வண்டி இல்லை. வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள் பல நேரம் கவனிக்கத் தவறும் வரி இது.

கட்டிலுக்கடியில் தள்ளிவைத்த சிறிய கையடக்கக் கழிவறையைக் காட்டிச் சான்றிதழ் வாங்கிய வேன்கள் பெருகின. நள்ளிரவில், கட்டில் விரித்திருக்கும்போது, அந்தக் கழிவறையை வெளியே எடுக்கவே இடமிருக்காது. 2017இல் தரநிர்ணயம் திருத்தப்பட்டு, கட்டில் விரித்த நிலையிலும் பயன்படுத்தக்கூடியதாகக் கழிவறை இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. சுற்றுச்சூழலுக்கான நாடாளுமன்ற ஆணையர் சைமன் அப்டன் 2021இல் வெளியிட்ட சுற்றுலா அறிக்கை இன்னும் இறுக்கச் சொன்னது. கையடக்கக் கழிவறைகளை ஏற்கக் கூடாது, சான்றளிப்புக்குத் தேசிய அளவில் மேற்பார்வை வேண்டும், வாடகை நிறுவனங்கள் அபராத வசூலில் பங்கேற்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. 2023இல் வந்த சட்டம் பொருத்திய கழிவறையைக் கட்டாயமாக்கி, நீல அடையாள வில்லைக்குப் பதில் பச்சை வில்லையைக் கொண்டுவந்து, மேற்பார்வையைக் குழாய்ப் பணியாளர்களுக்கான வாரியத்திடம் ஒப்படைத்தது. அபராதங்களும் உயர்ந்தன. பழைய வண்டிகளை மாற்றிக்கொள்ளத் தந்த கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டது.

இந்த விடைக்கு எதிரான வாதங்களில் மிகவும் பழையது, கழிவறை இருப்பதும் அதைப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல என்பது. முடங்கிப் படுக்கும் அளவே உள்ள இடத்தில், மூன்றடி தள்ளிப் பிள்ளைகள் தூங்கும்போது, பெரியவர்கள் தயங்குவார்கள் என்பது ஊகிக்கக்கூடியதே. தொட்டியை எங்கே கொட்டுவது என்பது அடுத்த சிக்கல்; இது போதிய கவனம் பெறவில்லை. தொலைதூரக் கரைகளில் உள்ள பொதுக் கழிவறைகள் பெரும்பாலும் செப்டிக் டேங்கில் முடிகின்றன. வேன் கழிவறைகளில் ஊற்றும் சில ரசாயனங்கள், அந்தத் தொட்டிக்குள் மலத்தைச் சிதைக்கும் பாக்டீரியாக்களையே கொன்றுவிடும். ஒரே வாரயிறுதியில் சில வண்டிகள் அங்கே கொட்டிவிட்டுப் போனால், அந்தக் கழிவறை ஊருக்கே பயன்படாமல் போகலாம். வண்டியின் தற்சார்பு உண்மையில் மூன்று நாள் தள்ளிப்போட்ட சார்பு. மூன்றாம் நாள் அதை ஏற்க ஓர் ஊர் தேவைப்படுகிறது.

இன்னொரு வாதம் சமூகநீதி சார்ந்தது. பொருத்திய கழிவறைக்கு இடமுள்ள வண்டி விலை கூடியது. பழைய வேனைத் தாமே மாற்றியமைத்து ஓட்டும் உள்நாட்டுக் குடும்பங்களும் இளைஞர்களும் விளிம்புக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். வீட்டு வாடகை கட்ட முடியாமல் காரிலேயே வாழ்பவர்கள் கதி என்ன என்ற கேள்வியும் எழுந்தது. அவர்களை 'ஃப்ரீடம் கேம்பிங்' என்ற வரையறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று 2023 சட்டம் விலக்கு அளித்தது. நல்ல விலக்குதான். ஆனால் இருட்டில் நிற்கும் வண்டியின் கண்ணாடியைத் தட்டும் அமலாக்க அலுவலர், உள்ளே இருப்பவர் விடுமுறைக்காரரா வீடற்றவரா என்று எப்படித் தீர்மானிப்பது? ஸ்டேபிள்ஸ் காலத்துக் கேள்வி இங்கே இரக்கத்தோடு திரும்பி வந்திருக்கிறது.

ஐந்தாம் விடை: செலவைப் பகிர்

ஸ்காட்லாந்தின் நார்த் கோஸ்ட் 500 பாதை, இருக்கும் சாலைகளையே இணைத்து 2015இல் பெயர்சூட்டிச் சந்தைக்கு வந்தது. இன்வர்னெஸில் தொடங்கி அங்கேயே முடியும் சுமார் 830 கிலோமீட்டர். ஆப்பிள்கிராஸ் செல்லும் பீலக்-ந-பா கணவாய் 626 மீட்டர் உயரம்வரை ஏறுகிறது. பெரிய வண்டிகளும் கேரவன்களும் ஓட்டப் பழகுபவர்களும் அதில் ஏற வேண்டாம் என்று அடிவாரத்தில் பலகை இருக்கிறது. இருந்தும் ஏறுகிறார்கள். பாதையின் பல பகுதிகள் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள சாலை. எதிரெதிர் வண்டிகள் ஒதுங்குவதற்கான இடங்களில் இரவு வேன்கள் நின்றுவிட்டால், மறுநாள் காலைப் பள்ளிப் பேருந்தும் ஆம்புலன்சும் தடுமாற வேண்டியதுதான்.

விளம்பரம் செய்தவர்கள் வேறு, குப்பை அள்ளுபவர்கள் வேறு என்பதே அங்குள்ள குறை. சாலைக்குப் பெயர் சூட்டியதால் வந்த கூட்டத்துக்குக் கழிவறை கட்ட வேண்டியது ஹைலேண்ட் மன்றம். 2024இல் அந்த மன்றம் தன்னார்வத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஏழு நாளுக்கு 40 பவுண்டு கட்டினால் குறிப்பிட்ட மன்ற வாகன நிறுத்தங்களில் இரவு நிற்கலாம் என்றது அது. தன்னார்வம் என்பதாலேயே அதன் வரம்பும் தெரிகிறது. அதே ஆண்டு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இரவுத் தங்கலுக்கு வரி விதிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. விடுதியும் முகாம் தளமும் அதற்குள் வந்தன, சாலையோரம் நிற்கும் வேன் வரவில்லை. நகர்ந்துகொண்டே இருக்கும் ஒன்றுக்கு வரி போடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த விவாதம் காட்டியது.

பிரான்ஸ் வெகுகாலமாகவே வேறு வழியில் போகிறது. ஊர் எல்லையில் வேன்களுக்கென்றே நிறுத்தம், தண்ணீர்க் குழாய், கழிவு கொட்டும் இடம் ஆகியவற்றை ஊராட்சியே சிறு கட்டணத்துக்குத் தருகிறது. வண்டிகள் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் நிற்பதால் ஊருக்கும் வியாபாரம். கடல் தெரியாத இடமாகவும் இருக்கும். அழகிய கரைக்காக வந்த குடும்பம் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் தூங்கச் சம்மதிக்குமா என்பதில்தான் இந்த விடையின் வெற்றி நிற்கிறது. பிரான்சில் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள்.

எந்தப் 'பொது'?

இத்தனை விடைகளுக்கும் அடியில் ஒரு கோட்பாட்டுச் சண்டை ஓடுகிறது. காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, எல்லோருக்கும் திறந்துவிட்ட பொதுவளம் எல்லோராலும் அழியும் என்றது. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் நெரிசலை அவரே ஓர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் இதற்கு மறுப்பு வந்தது. பயன்படுத்துபவர்கள் யார் என்று தெரிந்திருந்து, எல்லை வகுத்து, ஒருவரையொருவர் கண்காணித்து, படிப்படியாகத் தண்டிக்கும் ஏற்பாடு இருந்தால், மக்கள் தாங்களாகவே பொதுவளத்தைத் தலைமுறைகளாகக் காத்திருக்கிறார்கள் என்று அவர் காட்டினார். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கும் ஏரி நீரும் ஒழுங்காக இருந்த காலத்தில் இப்படித்தான் இருந்தன.

வேன்காரர்களுக்கு ஆஸ்ட்ரம் அப்படியே பொருந்தமாட்டார். ஓர் இரவு வந்து மறுநாள் போய்விடுபவர்கள், ஒருவரையொருவர் மறுபடி பார்க்கப்போவதே இல்லை. கேரவன் சங்கம் தன் உறுப்பினர்களுக்கென நாடெங்கும் நிறுத்துமிடங்களை அமைத்து ஒழுங்கைப் பேணுவது ஆஸ்ட்ரம் வழிக்கு அருகில் வருகிறது. ஆனால் அது உறுப்பினருக்கு மட்டுமான பொது.

நியூசிலாந்தின் தொல்குடிகளான மாவோரி மக்களின் நிலைப்பாட்டை இந்தச் சட்டகத்துக்குள் ஒரு தரப்பாகச் செருகுவது தவறு. அது சட்டகத்தையே கேள்வி கேட்கிறது. கரை எல்லோருக்கும் பொது என்ற ராணியின் சங்கிலி, அதற்கு முன்பே அங்கே உரிமையோடும் பொறுப்போடும் இருந்தவர்களைக் கேட்டு வகுக்கப்பட்டதல்ல. கரை அவர்களுக்கு உணவு எடுக்கும் இடம், முன்னோர் புதைந்த இடம். மனிதக் கழிவு உணவோடும் நீரோடும் சேரவே கூடாது என்பது அவர்களது மரபில் சுகாதார விதிக்கும் மேலான ஒன்று. தென் தீவின் கைகோரா கரையில் 2016 நிலநடுக்கத்துக்குப் பின் பாவா சிப்பி எடுப்பது ஐந்து ஆண்டு நிறுத்திவைக்கப்பட்டது. அதே கரையின் வாகன நிறுத்தங்களில் வேன்கள் இரவு தங்குவதைத் தொடர அனுமதிக்கலாமா என்ற பேச்சில், எத்தனை லிட்டர் தொட்டி என்ற அளவுகோல் அவர்களது கேள்வியைத் தொடவே இல்லை.

சான்றுகளின் நிலை

எல்லாத் தரப்பும் எண்களோடு வருகின்றன. எண்கள் பெரும்பாலும் தரப்புக்கு ஏற்றவை. வேன் பயணிகள் நாளொன்றுக்குக் குறைவாகச் செலவழிப்பதாக எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் நீண்ட நாள் தங்கி, மற்ற சுற்றுலாப் பயணிகள் எட்டிப்பார்க்காத ஊர்களில் செலவழிப்பதாக ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். கழிவைப் பற்றிய வாதத்தில் இருக்கும் ஓட்டை இன்னும் பெரியது. புதரில் கிடப்பது இரவு தங்கியவருடையதா, பகலில் காரில் வந்து, கழிவறை கிடைக்காமல் ஒதுங்கியவருடையதா என்று யாரால் சொல்ல முடியும்? தடைக்கு முன்னும் பின்னும் ஒரே கரையை நிதானமாக அளந்து பார்த்தால் ஓரளவு தெளிவு வரும். தடை விதிப்பவர்கள் பெரும்பாலும் புகார்களின் எண்ணிக்கையைத்தான் அளக்கிறார்கள். புகார் என்பது கழிவை மட்டுமன்றி, வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் காட்சியையும் அளக்கிறது.

தீராதவை

இந்த விடைகளில் எதுவும் தனியாக நிற்கவில்லை. இடம் இடமாகக் காரணம் காட்டச் சொல்லும் 2011 சட்டத்தின் அணுகுமுறைதான் ஒப்பீட்டளவில் நேர்மையானது என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். அது அதிகாரத்தைப் பேச வைக்கிறது. அதன் விலையும் சிறிதல்ல. சில ஆயிரம் பேரே வரி கட்டும் ஒரு கடலோர மன்றம், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஆய்வு நடத்தி, பிறகு ஒரு தேசியச் சங்கத்தோடு நீதிமன்றத்தில் மோத வேண்டியிருக்கிறது. அந்தச் செலவைத் தேசியக் கருவூலம் ஏற்க வேண்டுமா என்பதற்கு இன்னும் தெளிவான பதில் இல்லை. வண்டியைச் சோதிக்கும் 2023 சட்டம், அதன் எல்லாக் குறைகளோடும், ஒரு குறிப்பிட்ட அருவருப்பைக் குறைக்கக்கூடும். நெரிசல், மாவோரி உரிமை, குறைந்த வருமானக் குடும்பத்தின் கரை விடுமுறை ஆகிய மூன்றுக்கும் அது பதிலாகாது.

இரவுக்கே உரிய ஆபத்து பற்றியும் விதிகள் அநேகமாகப் பேசுவதில்லை. கைகோராவை 7.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியது 2016 நவம்பர் 14 அன்று, நள்ளிரவு தாண்டி இரண்டு நிமிடத்தில். நகருக்குத் தெற்கே கூஸ் பேயில் சுனாமி சுமார் 7 மீட்டர் உயரம்வரை ஏறியது. கடல் வற்று நிலையில் இருந்த நேரம் என்பதால் சேதம் குறைந்தது. பகல் பயணி இருக்க வாய்ப்பில்லாத அந்த நேரத்தில் நீர் விளிம்பில் உறங்கிக்கொண்டிருக்கக்கூடியவர்கள் வேன் குடும்பங்கள்தான். 'வருவோரின் பாதுகாப்பு' என்று 2011 சட்டம் சொல்வதற்குள் இதையும் சேர்க்க முடியும். சேர்த்தால் பல அழகிய நிறுத்தங்களை மூட வேண்டிவரும். அதனால்தான் யாரும் அதை முன்வைக்கத் தயங்குகிறார்களோ என்னவோ.

அந்த நிலநடுக்கம் சுமார் 110 கிலோமீட்டர் கரையை மேலே தூக்கியது. சில இடங்களில் 6 மீட்டர்வரை. வடக்கே மார்ல்பரோ கரையில், முன்பு அலை வந்து மோதி வழியை மறித்த முனைகளில் புதிய அகலமான கரை வெளிப்பட்டது. அதன் வழியே வண்டிகள் புகத் தொடங்கின, கரையில் முட்டையிடும் பறவைகளுக்கு ஆபத்து வந்தது. 2023இல் மாவட்ட மன்றம் அந்தக் கரையில் வண்டிகளைக் கட்டுப்படுத்தத் தனியாக ஒரு துணைவிதி இயற்ற வேண்டியதாயிற்று. 2011 சட்டம் தன் எல்லைகளில் ஒன்றைத் தாழ் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் என்று அளக்கிறது. அந்தக் கோடு நிலநடுக்கத்தால் ஒரே இரவில் கடல் பக்கம் நகர்ந்தது. கடல்மட்ட உயர்வால் வேறு கரைகளில் அது மெதுவாக நிலத்தின் பக்கம் நகர்கிறது. மன்றங்கள் வரைபடத்தில் நிறம் தீட்டி அனுமதித்த நிறுத்தங்கள் அரித்துப்போகும்போது, அங்கே இருந்த அனுமதி பின்னால் உள்ள தனியார் நிலத்தை நோக்கி நகருமா, நிறுத்தத்தோடு சேர்ந்து காலாவதியாகுமா என்பதற்கு இப்போதுள்ள சட்டங்களில் விடை எழுதப்படவில்லை.